கேஷியர் வெறுங்கையோடு போகிறார்!

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஒரு ஊர். 1986-ல் திறந்து வைத்த வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. கண்ணாடியின் அகலம் மட்டும் 2.34 மீட்டர். கோடானு கோடி மைலுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் கொஞ்சம் டல்லடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதே மலையில் ஒரு கிராமத்துப் பாட்டி மூன்று வாரமாகக் கோயிலுக்கு வரவில்லை என்றால் எந்தக் கருவி சொல்லும்?

எங்க ஆபீஸ் கேஷியர் சொல்லுவார்!

அவருக்குச் சொந்த ஊர் மலைதான். கத்தோலிக்கர். 'மரியாயின் சேனை' உறுப்பினர். சேனை என்றதும் பயப்படாதீர்கள், கையில் செபமாலை மட்டும்தான். 1921 செப்டம்பர் 7-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இதை ஆரம்பித்த ஃபிராங்க் டஃப் சாமியார் இல்லை சார், நம்மை மாதிரி ஃபைல் புரட்டிய அரசாங்க ஊழியர். சேனையின் முதல் வேலையே, ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழைப் பெண்களைப் போய்ப் பார்த்ததுதான்.

சட்டதிட்டம் பலமாக இருக்கிறது. வாரம் இரண்டு மணி நேரமாவது உழைக்க வேண்டும். ஜோடியாகத்தான் போக வேண்டும். வாராந்தரக் கூட்டத்தில் ரிப்போர்ட் சொல்ல வேண்டும். (அங்கேயுமா!) முக்கியமாக, பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது.

"என்ன சார் இது, கஞ்சத்தனமா இருக்கே?" என்றேன்.

"அரிசி, மருந்துக்கு வின்சென்ட் தே பவுல் சபை இருக்கு. நான் மூட்டையோட போனா, இறக்கி வச்சுட்டுக் கிளம்பிடுவேன். வெறுங்கையோட போனா, உட்கார்ந்து பேசித்தானே ஆகணும்?"

ஒரு ஞாயிறு நானும் ஒட்டிக்கொண்டேன். பாட்டிக்கு எண்பதுக்கு மேல். முழங்கால் மக்கர். மகன் திருப்பூரில். பணம் ஒழுங்காக வருகிறது. செல்போன்கூட வாங்கிக் கொடுத்திருக்கிறான். சிக்னலுக்குத்தான் பாறை மேல் ஏற வேண்டும். பாறை ஏற முடிந்தால் பாட்டி கோயிலுக்கே போயிருக்க மாட்டாரா?

"பாட்டி, எங்க மேனேஜருக்கு நல்ல புத்தி வரணும். ஒரு செபமாலை சொல்லுங்க" என்றார் கேஷியர்.

"ஒண்ணு போதுமாப்பா? போன வாரம் சொன்னதுக்கே மாறலைங்கிறியே!"

நான் சிரித்தேன். பாட்டி சிரிக்கவில்லை. சீரியஸாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கேஷியர் விளக்கினார். கூட்டத்துக்கு வர முடியாதவர்களையும் சேனையில் 'துணை உறுப்பினர்' ஆகச் சேர்க்கலாமாம். தினமும் செபம் சொல்வதுதான் அவர்கள் வேலை. பாட்டியும் சேர்ந்துவிட்டார். ஆக, நாங்கள் பார்த்தது பரிதாபத்துக்குரிய கிழவியை அல்ல, டியூட்டியில் இருக்கிற ஒருவரை!

மறைந்த போப் பிரான்சிஸ், ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாக 2021-ல் அறிவித்தார். நல்ல காரியம். மீதி 51 ஞாயிறுக்கு?

எந்த மதமானாலும், நம்ம ஊரிலும் ஒரு பாட்டி இருக்கிறார். மாசாமாசம் பணம் அனுப்புகிறோம், சரி. கடைசியாக அவரிடம் எப்போது ஓர் உதவி கேட்டோம்? வயசானவர்களுக்கு ஆள் வராதது ஒரு கஷ்டம். தன்னால் யாருக்கும் ஒன்றும் ஆக வேண்டியதில்லை என்று தோன்றிவிடுவது அதைவிடப் பெரிய கஷ்டம்.

வாசலில் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"அடுத்த வாரம் நீயும் வரணும் தம்பி. மேனேஜர் எப்படி இருக்காருன்னு எனக்குத் தெரியணும்."

ரிப்போர்ட் சொல்லப் போயாக வேண்டும் சார்!