கேமரா வாங்கும் முன் காதைக் கேளுங்கள்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், பாப்பாவுக்குக் காது குத்துறோம். நல்ல ஹேண்டிகேம் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஆண்டு விழாவுல எல்லாம் நீங்கதானே கேமராவோட நிப்பீங்க, எது வாங்கட்டும்?" அன்றே பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். உங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில் நான் வேலை பார்த்தபோது, 2004-இல், அமெரிக்காவில் இருந்த மைத்துனர் மினி டிவி கேசட் போடும் கேம்கார்டர் ஒன்று வாங்கி வந்தார். 20 மடங்கு ஜூம். ஜமுனாமரத்தூர் வட்டாரத்திலேயே என்னைப் போல் பணக்காரன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அது அமெரிக்க முறைக் கேமரா, வினாடிக்கு 30 படம். நம் ஊர் முறை 25. நம் மின்சாரம் 50 சைக்கிள் என்பதால் வகுப்பறை டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடித்தது. மார்கழிப் பனியில் எடுத்து வந்து சூடான அறையில் வைத்தால் உள்ளே ஈரம் கோத்து ஓட மறுத்தது. ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். 13 ஜிபி இடம் பிடிக்கும். அந்தக் காலக் கணினிக்கு அது பெரிய பாரம்.

இதெல்லாம் சில்லறைத் தொல்லைகள். உண்மையில் நான் தோற்றது வேறு ஓர் இடத்தில்.

ஒரு மாணவனின் பாட்டி உரலில் சாமை குத்திக்கொண்டே பாடுவார். அந்த ஊரில் அந்தப் பாட்டு முழுதாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கேமராவைப் பார்த்தால் கூச்சப்படுவாரே என்று 20 அடி தள்ளி நின்று, ஜூம் போட்டு, 40 நிமிடம் எடுத்தேன். முகத்தின் சுருக்கம்கூடத் தெளிவாக விழுந்தது. பாட்டு விழவில்லை. மலைக்காற்று இரைச்சலும் உலக்கைச் சத்தமும்தான் கேட்டன. ஜூம் படத்தைத்தான் கிட்டே கொண்டுவரும். கேமராவில் இருக்கும் மைக் நான் நின்ற இடத்திலேயேதான் நின்றது. இன்னொரு நாள் எடுக்கலாம் என்று இருந்தேன். பாட்டி அந்த ஆண்டே போய்ச் சேர்ந்தார்.

பேரன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இந்தப் பொங்கலுக்கு வந்து, "சார், பாட்டி குரல் உங்ககிட்ட இருக்கா?" என்றான். முகத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்தான்.

ஆகவே என் கருத்து இது: வீட்டுக்கு வீடியோ எடுப்பவர்கள் முதலில் ஒலியைப் பார்க்க வேண்டும், பிறகுதான் படம். கடைக்காரர் மெகாபிக்சல் சொல்வார், 4கே சொல்வார். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வெளி மைக் மாட்ட வழி இருக்கிறதா, ஹெட்போனில் கேட்டுப் பார்க்க முடியுமா?" என்பதே.

உங்களில் பலருக்குத் தனி கேம்கார்டரே தேவையில்லை. கையில் இருக்கும் போன் போதும். அதோடு ஒரு காலர் மைக், ஒரு ஸ்டாண்ட். எடுக்கும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் யாராவது கூப்பிடுவார்கள். விடிய விடிய நடக்கும் கூத்து, பள்ளி விழா என்று தூரத்திலிருந்து மணிக்கணக்கில் எடுப்பவர்களுக்குத்தான் கேம்கார்டர். அப்போதும் ஆப்டிகல் ஜூம், மைக் துளை, எஸ்டி கார்டு, வினாடிக்கு 25 அல்லது 50 படம் எடுக்கும் வசதி, இந்த நான்கையும் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டுச் சொந்தம் வாங்கி வந்தாலும் நான்காவதை மறக்க வேண்டாம்.

நம் காவலூரையே பாருங்கள். 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்ட இடங்களில் அதுவும் ஒன்று. அப்போது அங்கே இருந்த பெரிய தொலைநோக்கியே 1 மீட்டர்தான். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல்தான் வந்தது. இருட்டான, தெளிவான வானம் உள்ள இடத்தை வைணு பாப்பு முதலில் தேர்ந்தெடுத்தார். நமக்கும் அதுவே பாடம். எங்கே நிற்கிறோம் என்பது எதை வைத்திருக்கிறோம் என்பதைவிடப் பெரிது. கிட்டே போய் உட்காருங்கள்.

அடுத்தது எடிட்டிங். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கைவிடுகிறார்கள். 4கே படத்தில் புள்ளிகள் 1080-ஐப் போல நான்கு மடங்கு. பழைய லேப்டாப் திணறும். 1080-இல் எடுங்கள், வீட்டுக்கு அது தாராளம். ஷாட்கட் போன்ற இலவச மென்பொருள் போதும். எடுத்த அன்றே கோப்புக்கு ஊர், நாள், ஆள் பெயர் எழுதுங்கள். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். மூன்று மணி நேரத்தை ஐந்து நிமிடமாகச் சுருக்குங்கள். அதைத்தான் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆனால் அசலை அழிக்காதீர்கள். பெரியவர்கள் பேசும் இடத்தில் சினிமாப் பாட்டைப் போட்டு அவர்கள் குரலை மூடாதீர்கள். காது குத்தல் வீடியோ பல பார்த்திருக்கிறேன், ஒன்றிலும் தாய்மாமன் பேச்சு காதில் விழுந்ததில்லை.

கேட்ட மாணவனுக்கு என் பதில்: கேமரா வாங்க வைத்த பணத்தில் பாப்பாவுக்குத் தோடு வாங்கு. ஒரு மைக் மட்டும் வாங்கு. விழா முடிந்த மறுநாள், கூட்டம் கலைந்தபின், உன் அம்மாவை உட்காரவைத்து, உனக்குக் காது குத்திய கதையைச் சொல்லச் சொல். மைக்கை அவர் சேலையில் குத்து. ஹெட்போனை நீ மாட்டிக்கொள்.

கடைசியாக ஓர் உதவி. என்னிடம் இன்னும் ஒன்பது மினி டிவி கேசட் இருக்கின்றன. கேமரா ஓடவில்லை, புது லேப்டாப்பில் அந்தப் பழைய வயரை மாட்டத் துளையும் இல்லை. உங்களில் பலருடைய பத்து வயதுக் குரல் அவற்றில் இருக்கிறது. ஓடுகிற கேமரா யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் சார்