கோலி சோடாவும் பனியுகக் கடலும்

காரைக்கால் தலத்தெருவில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வெயிலில் கிடந்த கோலி சோடாவை உடைத்த அண்ணன் மகனுக்குச் சட்டையெல்லாம் நுரை. “ஃப்ரிட்ஜ்ல வெச்ச சோடா இப்படிப் பொங்கலையே சித்தப்பா?” என்றான்.

அவன் கேட்டதில் பனியுகத்தின் பாதிக் கதை இருக்கிறது. குளிர்ந்த நீர் கரியமில வாயுவை நிறையக் கரைத்து வைத்துக்கொள்ளும். சூடானால் வெளியே தள்ளும்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் கீழே. காரைக்கால் கரையில் நின்றால் அலையே தெரிந்திருக்காது. பாக் நீரிணை வெறும் தரை. கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போகலாம், பாஸ்போர்ட் இல்லாமல்!

அன்று காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 190 பங்குதான். பனியுகம் முடிந்தபின், தொழிற்புரட்சிக்கு முன்புவரை 280. அன்டார்டிகாவில் தோண்டி எடுத்த பனித்தூண்களுக்குள் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகள் காட்டிய கணக்கு இது.

குறைந்த 90 பங்கு எங்கே போனது? காடுகளுக்கு அல்ல. அவையே அன்று சுருங்கிக் கிடந்தன. கடல்தான் விழுங்கியது.

குளிர்ச்சி மட்டும் இத்தனையை இழுத்திருக்காது. கடல்மேல் மிதக்கும் நுண்பாசிகள் வாயுவை உண்டு வளர்ந்து, செத்து, கார்பனோடு ஆழத்துக்கு இறங்குகின்றன. அந்த ஆழ்நீர் மறுபடி மேலே வரும் பெரிய வாசல், அன்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென் பெருங்கடல். பனியுகத்தில் அங்கே கடல்பனி பரவியது. மேல்நீரும் ஆழ்நீரும் கலப்பது குறைந்தது. பாட்டில் வாயைக் கோலி அடைத்த மாதிரிதான். எந்தக் காரணத்துக்கு எத்தனை பங்கு என்ற வழக்கு மட்டும் ஆய்வாளர்களுக்குள் இன்னும் முடியவில்லை.

பூமி சூடேறியதும் கோலி உள்ளே விழுந்தது. 90 பங்கும் காற்றுக்குத் திரும்பச் சுமார் 7,000 ஆண்டுகள் ஆயின. நாமோ? ஹவாய் தீவின் மௌனா லோவாவில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஒரு மனிதர் ஆயுளுக்குள் 100 பங்குக்கு மேல்! இத்தனைக்கும் நாம் விடும் புகையில் கால்பங்கைக் கடல் இன்னமும் வாங்கிக்கொள்கிறது.

“அப்ப நம்ம கடலும் பொங்குமா சித்தப்பா?”

“பொங்காதுடா. ஆனா சூடேற ஏற, இப்ப வாங்குற அளவுக்கு வாங்காது.”

கொஞ்சம் யோசித்தவன், மிச்ச சோடாவை ஃப்ரிட்ஜுக்கு எடுத்துப் போனான்.