நிறுத்தத் தெரிந்த சார்ஜர்



2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைக் கலங்கடித்ததை நாம் எளிதில் மறக்க இயலாது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. பல தெருக்களில் மின்சாரம் நின்றுபோயிற்று. நீர் வடிந்த பின்னர், வாசலில் நின்ற வண்டிகளைக் கிளப்ப முயன்றவர்கள் பலர் 'டிக், டிக்' என்னும் ஓசையை மட்டுமே கேட்டனர். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோதும் இதே கதைதான். ஓடாமல் நிற்கும் வண்டியின் பேட்டரி, எவரும் தொடாமலே மெல்ல மெல்ல வற்றிப்போகும்.

அதன் பின்னர் ஒரு ஞாயிறு காலை, ராயபுரத்தில் பூசை முடிந்து வெளியே வருகையில் நண்பர் ஒருவர் என்னை நிறுத்தினார். "அண்ணே, அப்பா காலத்துச் சார்ஜர் புகைந்து போய்விட்டது. கடையில் கேட்டால், பெரிதாக வாங்கினால் சீக்கிரம் ஏறும் என்கிறார்கள். எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். அவருடைய தந்தையார் ஒர்க்ஷாப்பில் காலமெல்லாம் உழைத்தவர். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய 1940-களின் இறுதியிலிருந்தும், திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் உருவாகத் தொடங்கிய 1950-களிலிருந்தும் நம் பகுதியில் இத்தகைய கைத்தொழிலாளர் குடும்பங்கள் பல உண்டு. ஆகவே பழைய இரும்புப்பெட்டிச் சார்ஜர் ஒன்று வீட்டில் கிடப்பது இங்கே வியப்பல்ல.

"இதுவரை எங்கே வைத்து ஏற்றினீர்கள்?" என்று கேட்டேன். "மாடிப்படிக்கு அடியில்தான், அண்ணே. இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் எடுத்துவிடுவோம்" என்றார். அந்தப் படிக்கட்டை ஒட்டிய அறையில்தான் அவருடைய பிள்ளைகள் உறங்குகின்றனர். அந்தப் பதில்தான் இம்மாதக் கட்டுரையை எழுதச் செய்தது.

பழைய சார்ஜருக்குள் இருப்பவை ஒரு டிரான்ஸ்பார்மரும், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் சில டயோடுகளுமே. பேட்டரி நிறைந்துவிட்டது என்பதை அறியும் திறன் அதற்கு இல்லை. நிறைந்த பின்னும் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். ஒர்க்ஷாப்பில் அது குறையாகத் தோன்றவில்லை. அங்கே திறந்த கூரை, பக்கத்திலேயே ஆள். நேரம் பார்த்து நிறுத்தும் அறிவு சார்ஜரிடம் இல்லை, அந்த ஆளிடம் இருந்தது. வீட்டிலோ நாம் உறங்கிவிடுகிறோம்.

நிறைந்த பேட்டரிக்குள் செல்லும் மின்சாரம் என்ன ஆகும்? 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலார் காஸ்டன் பிளான்டே அமைத்த ஈய-அமிலப் பேட்டரியின் இயல்பு இன்றும் மாறவில்லை. ஏற்ற வேண்டியது முடிந்ததும், மின்சாரம் உள்ளிருக்கும் நீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியேற்றுகிறது. 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள் உண்டு. நிறைந்த பின் 1 ஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால், ஆறு அறைகளிலுமாக ஏறக்குறைய இரண்டரை லிட்டர் ஹைட்ரஜன் உண்டாகும். 5 ஆம்பியர் 5 மணி நேரம் ஓடினால் 60 லிட்டருக்கு மேல். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே அது தீப்பற்றும் கலவையாகிவிடும். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், ஆறடி உயரமுள்ள மாடிப்படி அடியிடம் ஏறத்தாழ 1500 லிட்டர் கொள்ளும். அதில் 4 பங்கு என்பது 60 லிட்டர். கதவு மூடியிருந்தால் ஒரே இரவில் அந்த அளவை எட்டிவிடலாம். பின்னர் ஒரு சுவிட்சின் பொறியோ, கிளிப்பைப் பிடுங்கும்போது தெறிக்கும் பொறியோ போதும். பேட்டரி வெடித்துக் கந்தக அமிலம் முகத்திலும் கண்ணிலும் தெறிக்கும்.

ஆகவே வீட்டுக்கு வாங்கும் சார்ஜரைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதன்று. நிறைந்ததும் தானே நிறுத்துமா என்பதே. மூன்று கட்டங்களாக ஏற்றும் தானியங்கிச் சார்ஜரைக் கேளுங்கள். முதற்கட்டத்தில் அது முழு ஓட்டத்தையும் தரும். இரண்டாங்கட்டத்தில் வோல்ட்டை ஏறத்தாழ 14.4 அளவில் நிறுத்தி, ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். மூன்றாவதில் 13.5 அளவுக்கு இறங்கி, பேட்டரியைப் பேணிக் காக்கும். 'ஆட்டோமேடிக்' என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். வாங்கிய பின் ஒருமுறை பகலில், காற்றோட்டமுள்ள இடத்தில் ஏற்றி, மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். பேட்டரி நிறைந்து சில மணி நேரம் ஆகியும் 15 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால், அது நிறுத்தத் தெரியாத சார்ஜர். கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆம்பியர். பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போதும் என்பது பழைய கைத்தொழிலாளர் கணக்கு; அது இன்றும் செல்லும். சிறிய பெட்ரோல் கார்களின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி அளவிலும், டீசல் கார்களுடையது 60-ஐ ஒட்டியும் இருக்கும். எனவே 4 முதல் 6 ஆம்பியர் வரை போதுமானது. பாதி வற்றிய பேட்டரியை அது ஓர் இரவுக்குள் நிறைத்துவிடும். அதே சார்ஜரில் மோட்டார் சைக்கிளையும் ஏற்ற எண்ணினால், 1 ஆம்பியர் என்னும் தனி நிலை உள்ளதா என்று பாருங்கள். பெரிய ஓட்டம் சிறு பேட்டரியைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, பேட்டரியின் வகை. ஏ.ஜி.எம். என்னும் அடைத்த வகைக்குத் தனி நிலை வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ள மின்சார ஸ்கூட்டருக்கு அதனுடன் தந்த சார்ஜர் மட்டுமே. ஈய-அமிலச் சார்ஜரை அதில் ஒருபோதும் மாட்டலாகாது.

நான்காவது, நம் கடற்கரைக்கே உரிய செய்தி. உப்புக்காற்று செம்பையும் இரும்பையும் விரைவில் அரித்துவிடும். நண்பரின் பழைய பெட்டிக்குள்ளும் பாதி துருதான். தூசும் நீரும் புகாத ஐ.பி. 65 தரமுள்ள மூடிய பெட்டி நமக்கு ஏற்றது. கிளிப்புகளைத் துடைத்து, உலர்ந்த டப்பாவில் வையுங்கள். கம்பிகளைத் தவறாக மாற்றி மாட்டினாலும் கெடாத பாதுகாப்பு இருப்பது நலம். நம் ஊர் வெப்பத்தையும் எண்ணிப் பாருங்கள்: சூடு ஏற ஏற, பேட்டரிக்குத் தேவையான வோல்ட் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.02 வீதம் குறைகிறது. இதை அறிந்து தானே சரிசெய்யும் சார்ஜர் கிடைத்தால், கோடையில் நீர் வற்றுவது குறையும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. வண்டியைச் சில மணி நேரம் ஓட்டாமல் வைத்து, பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழ் என்றால் ஏறக்குறைய வெறுமை. முழுதும் ஏற்றிய பின்னும் மறுநாளே இறங்கிவிட்டால் பேட்டரி முதிர்ந்துவிட்டது. எந்தச் சார்ஜரும் அதற்கு உயிர் கொடுக்காது. பழைய பேட்டரியை ஆக்கர் கடையில் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அதைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் தயாரிப்பாளர்மீது சுமத்தியுள்ளன. சந்துகளில் உருக்கப்படும் ஈயத்தின் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

பயன்படுத்தும் முறை எளியது. முதலில் கிளிப்புகள், பின்னர் சுவிட்ச். எடுக்கும்போது முதலில் சுவிட்ச், பின்னர் கிளிப்புகள். சமையலறையிலும் படுக்கையறையிலும் ஏற்றாதீர்கள்; அருகில் விளக்கோ பீடியோ கூடாது. மொட்டைமாடியின் நிழல் பகுதியோ, மழை படாத திறந்த வராந்தாவோ உகந்தது. எவ்வளவு நல்ல சார்ஜராயினும் இடத்தைப் பற்றிய இந்த விதி மாறாது.

நண்பர் கடைசியில் 5 ஆம்பியர் தானியங்கிச் சார்ஜர் ஒன்றை வாங்கினார். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கருகே கூரைபோட்ட மூலையில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், அதற்கென ஒரு பலகை அடித்திருக்கிறார். தந்தையாரின் இரும்புப்பெட்டியை எறிய மனம் வரவில்லையாம். கம்பிகளை அறுத்துவிட்டு, ஆணி, திருகாணி போட்டுவைக்கும் பெட்டியாக வைத்துக்கொண்டார். உங்கள் வீட்டுப் படிக்கட்டின் அடியிலும் அப்படி ஒன்று இருந்தால், இன்றே அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.