வறுமை குறைந்தது; செல்வம் எங்கே சேர்ந்தது?

இந்தியாவின் பல்பரிமாண வறுமை 2013-14இல் 29.17 விழுக்காடு, 2022-23இல் 11.28 விழுக்காடு என்கிறது நிதி ஆயோக். இக்குறைவு மெய்யே, ஆனால் அது சொல்வது ஓரளவே. குடும்பத்தில் எவருக்கேனும் வங்கிக் கணக்கு உண்டா என்று அக்குறியீடு வினவும். கணக்கில் எவ்வளவு உண்டு என்று வினவுவதில்லை.

அதே 2022-23இல் நாட்டின் செல்வத்தில் 40.1 விழுக்காடு உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருந்ததாக உலகச் சமத்துவமின்மை ஆய்வகம் கணித்துள்ளது. இரு கணக்குகளும் முரண்பட்டவையல்ல. ஒன்று அடித்தளத்தையும் மற்றது உச்சியையும் அளக்கிறது.

இறந்தோர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான வரி 1985இல் நீக்கப்பட்டது. செல்வ வரியை 2015ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை கைவிட்டது. ஏழையோ மறைமுக வரியிலிருந்து தப்புவதில்லை. முதற்கணக்கைக் கொண்டாடும் அரசு இரண்டாவதற்கும் விடையளித்தாக வேண்டும்.