இரட்சகன் என்றோர் இசைத்தட்டு

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பங்குகளில் இளையோர் தியானங்கள் நடைபெறுவதும், அவற்றில் "சாத்தானின் இசை" பற்றி ஓர் உரை தவறாமல் இடம்பெறுவதும் வழக்கமாகிவிட்டன. உரையாளர் மாறுவார், உரை மாறாது. மண்டையோடு பொறித்த சட்டை, தோளில் புரளும் தலைமுடி, செவியைப் பிளக்கும் மின்கிட்டார், தொண்டை கிழியும் அலறல் ஆகிய இவை யாவும் அலகையின் அடையாளங்களாம். பாடலைப் பின்னோக்கி ஓடவிட்டால் நரகத்தின் குரல் கேட்குமாம். ஈற்றில், "ஹெவி மெட்டல்" கேட்டவர்கள் எழுந்து நின்று மனம் வருந்த வேண்டும். இவ்வுரையை நிகழ்த்தும் பெருமக்களிடம் ஒரே ஒரு வினா: தாங்கள் கண்டிக்கும் இசைத்தட்டு ஒன்றையேனும் முதற்பாடல் தொடங்கி இறுதிப்பாடல் வரை கேட்டதுண்டா?

கேட்டிராதவர்களுக்கு ஒரு தட்டைப் பரிந்துரைக்கின்றேன். தில்லியைச் சேர்ந்த ப்ளட்டிவுட் என்னும் குழு 2022 பிப்ரவரி 18 அன்று வெளியிட்ட முதல் தொகுப்பு அது. பெரிய இசை நிறுவனம் எதுவும் அதன் பின்னால் இல்லை. குழுவினர் தாங்களே வெளியிட்டார்கள். 2016 அளவில், பிறர் பாடல்களை வேடிக்கையாக மாற்றிப் பாடி இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்த குழுதான். வழக்கறிஞர் வேலையை விட்டுவந்த கரண் கடியார் கிட்டாரும் புல்லாங்குழலும் இசைக்கிறார். ஜெயந்த் பதுலாவும் ரவுல் கெர்ரும் பாடுகிறார்கள். இந்தி, பஞ்சாபி, ஆங்கிலம் மூன்றும் கலந்த பத்துப் பாடல்கள். மின்கிட்டாரின் உறுமலுக்கு நடுவே பஞ்சாபின் டோல் கொட்டு அதிர்கிறது. 2019இல் ஜெர்மனியின் வாக்கன் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் கூடும் மாபெரும் மெட்டல் விழாவில் இவர்கள் பாடினார்கள்.

அத்தொகுப்பின் பெயர் "ரக்ஷக்". காப்பவன் என்று பொருள். நம் செவிக்கு அது அயற்சொல்லா? 'இரட்சகர்' என்று சொல்லித்தானே நம் பாட்டிமார் செபித்தார்கள்! 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் 'மீட்பர்' என்ற தூய தமிழ்ச் சொல்லை ஆள்கிறது. ஆயினும் முதியோர் வாயில் அவர் இன்றும் இரட்சகரே. (1997இல் வந்த திரைப்படம் நினைவுக்கு வருவோரும் இருக்கலாம், அவர்களை விட்டுவிடுவோம்.)

முதற்பாடல் 'கத்தார்'. துரோகி என்பது பொருள். யார் துரோகி? சமயத்தை அரசியலின் கைக்கருவியாக்கி மக்களிடையே பகை வளர்ப்பவனே துரோகி என்கிறது பாடல். தலைநகரிலேயே வாழும் இளைஞர்கள், ஊர் அறிய, பெயர் மறைக்காமல் இதைப் பாடியிருக்கிறார்கள். சிறுபான்மையினராகிய நாம், நம் சொந்த மேடைகளில், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்வதையே அவர்கள் உரத்துச் சொல்லியிருக்கிறார்கள். உரத்துச் சொன்னதுதான் குற்றமா?

'எண்ட்யூரன்ட்' என்ற பாடல் பள்ளிகளில் வலியவர் எளியவரைச் சீண்டித் துன்புறுத்தும் கொடுமையை எதிர்க்கிறது. 'யாத்' இழந்துபோன அன்பின் நினைவைச் சுமக்கிறது. 'ஜீ வீரே' மனச்சோர்வில் அமிழ்ந்து கிடப்பவனைத் தட்டி எழுப்புகிறது. 'ஜீ' என்றால் வாழ். சாவைத் தூண்டுகிறது என்று நம் உரையாளர்கள் அஞ்சும் இசையில், வாழ் என்னும் கட்டளையே தலைப்பாக நிற்கிறது.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் தற்கொலையால் மாண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களுள் மாணவர்கள் 13,044 பேர். இலட்சம் மக்களுக்கு நாட்டின் சராசரி 12.4, காரைக்கால் உள்ளிட்ட நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதியிலோ 29.7. இரு மடங்கிற்கும் மேல்! இந்த எண்ணைப் பற்றி எத்தனை மறையுரை கேட்டோம்? எத்தனை தியானத்தில் ஒரு மனநல ஆலோசகரை மேடையேற்றினோம்? தன்னுயிரை மாய்த்துக்கொண்டவரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று 1992ஆம் ஆண்டின் திருச்சபை மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. அத்தகைய குடும்பத்தின் வாசலில் நாம் இன்றும் குரலைத் தாழ்த்தி முணுமுணுக்கின்றோம். நம் நகரின் ஆலயம் தேற்றரவு அன்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஆலயத்தின் பிள்ளை, தேற்றரவைத் தன் அறைக்குள் காதுக்குழலில் தேடுகிறான் என்றால், பறிக்க வேண்டியது காதுக்குழலையா?

எதிர்வாதம் தெரியும். இத்தட்டில் எல்லாம் தூயதா? இல்லை. ஒரு பாடலின் தலைப்பே இந்தி வசைச்சொல்லின் சுருக்கம். அதை இல்லத்தில் ஒலிக்கவிட நானும் தயங்குவேன். பெண்கள்மீது நிகழும் பாலியல் கொடுமையைப் பேசும் 'தனா தன்', கொடியவனை அடித்து நொறுக்கு என்கிறது. மலைப்பொழிவைக் கேட்டவன் அந்தக் கைமுட்டியை ஏற்க இயலாது. ஆனால் அந்தச் சினம் எங்கிருந்து வந்தது என்று அறியாதவன் போல் நடிக்கவும் இயலாது. பாபிலோனின் குழந்தைகளைப் பாறையில் மோதும் வெறியோடு முடியும் 137ஆம் திருப்பாடல் நம் விவிலியத்தில் இருக்கிறது. 88ஆம் திருப்பாடலோ ஒரு கீற்று ஒளியும் இன்றி இருளிலேயே முடிந்துவிடுகிறது. அவற்றைத் தூய ஆவியின் ஏவுதல் என்று முத்தமிடுகின்றோம். தில்லி இளைஞன் அலறினால் அலகை என்கின்றோம்.

உண்மையிலேயே இறைப்பழிப்பை வாணிகமாக்கிய குழுக்களும் உண்டு. நார்வேயில் 1992இல் பெர்கன் நகரையொட்டிய ஃபான்டாஃப்ட் மரக்கோயில் தீக்கிரையானதும், அதைத் தொடர்ந்த தேவாலய எரிப்புகளில் அந்நாட்டின் 'பிளாக் மெட்டல்' இளைஞர்களுக்குப் பங்கு இருந்ததும் வரலாறு. அவற்றைக் கண்டிக்க எவரும் தயங்க வேண்டியதில்லை. ஆயின் ஒருவன் கோயிலை எரித்தான் என்பதற்காகக் கிட்டார் பிடித்த அனைவரையும் தீப்பந்தம் பிடித்தவர்களாகக் காண்பது நீதியன்று. பின்னோக்கி ஓட்டும் கதைக்கும் தீர்ப்பு வந்து நெடுநாளாயிற்று. ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ஆங்கிலக் குழுவின் தட்டில் மறைந்திருந்த சொற்களே இரு இளைஞர்களைத் தற்கொலைக்குத் தூண்டின என்று அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வழக்குத் தொடுத்தார்கள். கேட்டதாகச் சொல்லப்பட்ட ஒலி, பாடகரின் மூச்சும் கிட்டாரின் ஓசையும் தற்செயலாய்க் கலந்ததே என்று கண்ட நீதிபதி 1990இல் வழக்கைத் தள்ளினார். நம் உரையாளர்களுக்கு மட்டும் அச்செய்தி இன்னும் எட்டவில்லை.

இவ்விசையின் தொட்டிலைத் தேடிப்போனால் அங்கும் நமக்கொரு வியப்பு உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் தொழில்நகரில் பிறந்த 'பிளாக் சபாத்' குழுவையே ஹெவி மெட்டலின் தந்தை என்பர். 2025 ஜூலை 22 அன்று மறைந்த ஓசி ஆஸ்பர்ன் அதன் பாடகர். கிட்டார் வாசித்த டோனி ஐயோமி, பதினேழாம் வயதில் தகட்டுத் தொழிற்சாலை எந்திரத்தில் இரு விரல்களின் நுனியை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல்நுனி செய்து மாட்டிக்கொண்டு, கம்பிகளைத் தளர்த்தி வாசித்தார். அந்தத் தளர்ந்த கம்பிகளின் கனத்த ஓசையே இவ்விசையின் முத்திரையாயிற்று. பெரும்பாலான பாடல்களை எழுதிய கீசர் பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. 1971இல் வந்த இக்குழுவின் மூன்றாம் தொகுப்பில், இறைவனை நம்புபவனை எள்ளி நகையாடும் உலகை நோக்கி, சாவுக்குப் பின் உன் ஆன்மா என்னாகும் என்று கேட்கும் பாடல் ஒன்று இருக்கிறது. எழுதியவர் பட்லரே.

காரைக்காலில் வாழும் நமக்கு இவையெல்லாம் விளக்க வேண்டியதே இல்லை. ஆனி மாதந்தோறும் இவ்வூர் வீதிகளில் மாங்கனிகள் வாரி இறைக்கப்படுகின்றனவே, யாருக்காக? அழகிய உடலை வேண்டாவென உதறி, எலும்பும் தோலுமான பேயுருவைக் கேட்டுப் பெற்று, சுடுகாட்டை நோக்கியபடி தன் இறைவனைப் பாடிய பெண்ணுக்காக. நம் சைவச் சகோதரர்கள் அந்த உருவத்தைக் கண்டு ஓடவில்லை. அம்மை என்று அழைத்தார்கள். கோரமான தோற்றத்துக்குள் பக்தி குடியிருக்கக்கூடும் என்பதை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அறிந்த ஊர் இது.

இறுதியாக ஒரு செய்தி. 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், ஆலயத்தில் பியானோவையும் மேளம், கைத்தாளம் முதலான இரைச்சற் கருவிகளையும் தடைசெய்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு வாயில் திறந்தது. சாவுக்கொட்டு என்று ஒதுக்கப்பட்டிருந்த பறை இன்று நம் பலிபீடத்தருகே முழங்குகிறது. "சாத்தானின் இசை" உரை நிகழும் அதே தியான மேடையில், உரையாளருக்கு ஐந்தடி பின்னால், மின்கிட்டாரும் டிரம்ஸும் துணிபோர்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. உரை முடிந்ததும் துணி விலகும்.

எனவே இளையோர் இயக்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் மே மாதத் தியானத்தில் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுங்கள். "ரக்ஷக்" முழுவதும் அதற்குள் அடங்கும். பாடல்களின் பொருளைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்து, இளையோரோடு அமர்ந்து கேளுங்கள். கேட்டு முடித்தபின் ஒலிவாங்கியை உரையாளரிடம் அன்று, கடைசி வரிசையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் பையனிடம் முதலில் கொடுங்கள்.