செலீனியமா, பிளேரைட்டா... உங்க ஓட்டு யாருக்கு?

ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் போற ரோட்டுல, தொழிற்சாலை வாசல்ல லாரிங்க வரிசையா நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. 'அதுக்கும் சாஃப்ட்வேர் டெஸ்ட்டிங்குக்கும் என்னப்பா சம்பந்தம்?'னு கேக்குறீங்களா? இருக்கு பாஸ்!

கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் சப்ளை பண்றவங்க, லாரி கிளம்புறதுக்கு முன்னாடியே 'இத்தனை பீஸ் வருது'ன்னு வாங்குற கம்பெனியோட போர்ட்டல்ல பதிவு பண்ணணும். ஏ.எஸ்.என்.னு சொல்வாங்க. லாகின், பர்ச்சேஸ் ஆர்டர், எண்ணிக்கை, இன்வாய்ஸ் அப்லோடு, கடைசியா பார்கோடு லேபிள் பிரின்ட். நடுவுல ஒரு பட்டன் மக்கர் பண்ணினாலும் லாரி கேட்டுக்கு வெளியேதான். கார் கம்பெனிகள் நிறைய ஸ்டாக் குவிச்சு வைக்கிறதில்லைங்கிறதால, உள்ளே அசெம்பிளி லைனுக்கும் டென்ஷன்!

அதனால போர்ட்டல்ல ஒரு வரி கோடு மாறினாலும், லாகின்ல இருந்து லேபிள் வரைக்கும் முழுசா சோதிக்கணும். ஒவ்வொரு தடவையும் ஆள் உட்கார்ந்து க்ளிக் பண்ணினா விரல் தேஞ்சிடும். அந்த வேலையை பிரவுசரே தானா செய்ய வைக்கிற டூல்கள்தான் நம்ம இந்த வார மேட்டர்.

சீனியர் அண்ணன், செலீனியம். 2004-ல சிகாகோவுல, தாட்வொர்க்ஸ் கம்பெனியில ஜேசன் ஹக்கின்ஸ், ஆபீஸ் டைம்ஷீட் அப்ளிகேஷனை சோதிக்க எழுதினது. பேர் வந்த கதை செம காமெடி. அப்போ டெஸ்ட்டிங் டூல் மார்க்கெட்டோட ராஜா மெர்க்குரி கம்பெனி. மெர்க்குரின்னா பாதரசம், அந்த விஷத்துக்கு முறிவு செலீனியம்! (அதே 2000-கள்ல நம்ம சென்னையிலயும் அட்வென்ட்நெட், அதாங்க இன்னைக்கு ஜோஹோ, 'கியூஎன்ஜின்'னு ஒரு டெஸ்ட்டிங் டூல் வெச்சிருந்தது.)

ஜூனியர், பிளேரைட். 2020-ல மைக்ரோசாஃப்ட் விட்டது. கூகுள்ல 'பப்பட்டியர்' செஞ்ச டீம் அங்கே தாவிப் போய் உருவாக்கினது. இதோட பெரிய ப்ளஸ், காத்திருக்கத் தெரியும். பட்டன் திரையில வந்து, க்ளிக் பண்ற நிலைக்கு வர்ற வரைக்கும் தானாவே பொறுமையா இருக்கும். செலீனியத்துல அந்தப் பொறுமையை நாமதான் எழுதணும். நம்ம பசங்க 'அஞ்சு செகண்ட் தூங்கு'ன்னு ஒரு வரி போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. மாசக் கடைசியில சர்வர் ஏழு செகண்ட் எடுத்தா டெஸ்ட் அவுட்! கோடுல தப்பே இல்ல, ஆனா சிவப்பு. இப்படி நாலு தடவை பொய் சொன்ன டெஸ்ட்டை அஞ்சாவது தடவை யாரும் மதிக்க மாட்டாங்க. நிஜமான தப்பு அன்னிக்குத்தான் நுழையும்.

மூணாவது, சைப்ரஸ். ஒவ்வொரு ஸ்டெப்பையும் ரீப்ளே பார்க்கலாம், அழகு. ஆனா ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான். ரெண்டாவது டேப் திறந்தா அதுக்குக் கை எட்டாது. நம்ம லேபிள் புது டேப்ல திறந்தா? சுத்தி வளைச்சுத்தான் போகணும்.

அப்போ பிளேரைட்டுக்கே ஓட்டா? அவசரப்படாதீங்க. முதல்ல 'போர்ட்டல் எந்த பிரவுசர்ல ஓடுது?'ன்னு கேளுங்க. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன்லயே ரிட்டயர்டு. ஆனா அதுக்காக எழுதின பழைய போர்ட்டல்கள், எட்ஜ் பிரவுசரோட 'ஐ.இ. மோடு'ல இன்னும் மூச்சு விடும். அந்த மோடுல பிளேரைட்டும் சைப்ரஸும் கையை விரிச்சிடும். செலீனியம் மட்டும்தான் ஓட்டும். புது போர்ட்டல்னா என் ஓட்டு பிளேரைட்டுக்கு.

அப்புறம், நீங்க இன்டர்ன்ஷிப் முடிஞ்சு போனபிறகு அதைப் பார்த்துக்கப் போறது யாரு? அவங்களுக்கு ஜாவாதான் தெரியும்னா ஜாவாவுலயே எழுதுங்க. செலீனியம், பிளேரைட் ரெண்டுலயும் முடியும். ரெஸ்யூமேல புது பேர் மின்னணும்னு டைப்ஸ்கிரிப்ட்ல எழுதிட்டு எஸ்கேப் ஆனா, அடுத்த மாசமே அது அனாதை.

டூலை முடிவு பண்ண லாகின் பேஜை ஓட்டிப் பார்க்காதீங்க, அது எல்லா டூல்லயும் ஓடும். லேபிள் பிரின்ட் மாதிரி கஷ்டமான ஸ்க்ரீனை எடுத்து, ரெண்டு டூல்லயும் இருபது தடவை ஓட்டுங்க. எது எத்தனை தடவை சும்மா சும்மா விழுதுன்னு எண்ணுங்க. ஓ.டி.பி. வந்தா என்ன பண்றது? எந்த டூலும் உங்க மேனேஜர் செல்போனை எட்டிப் பார்க்காது. டெஸ்ட் சர்வர்ல அதை ஆஃப் பண்ணித் தரச் சொல்லுங்க. லைவ் போர்ட்டல்ல மட்டும் ஓட்டிடாதீங்க ப்ளீஸ்... கிளம்பவே கிளம்பாத இருபது லாரிக்காக கேட்ல செக்யூரிட்டி அண்ணன் காத்துக்கிட்டு இருப்பார்!