பேட்ச் அனுப்பினால் போதுமா?

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் யார் வேண்டுமானாலும் பிழையைத் திருத்தலாம் என்கிறோம். உண்மைதான். ஆனால் அனுப்பிய பேட்ச்சைப் படித்துப் பார்த்துச் சேர்க்க ஓர் ஆள் வேண்டுமே! அங்குதான் சிக்கல்.

பைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் யுடில்ஸ் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. பல ஆண்டுகள் அதை ஒருவரே, ஊதியமின்றிக் கவனித்து வந்தார். பேட்ச்கள் தேங்கிவிட்டன என்று 2022-ல் முகம் தெரியாத சிலர் அவரை நச்சரித்தார்கள். ‘ஜியா டான்’ என்ற பெயரில் உதவிக்கு வந்தவரிடம் பொறுப்பு போனது. 2024-ல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டு வாசல் ஒன்று நுழைந்தது. எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, மார்ச் 29 அன்று அதை அம்பலப்படுத்தியவர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட்.

அவர் பங்குபெறும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் திட்டத்தில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு 5 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மாதம், வந்து சேர்ந்த பேட்ச்களைப் பார்ப்பதற்கே ஒதுக்குகிறார்கள். பெயர் கமிட்ஃபெஸ்ட். பேட்ச் அனுப்புபவர் இன்னொருவரின் பேட்ச்சையும் சோதித்துத் தர வேண்டும் என எதிர்பார்க்கிறார்கள். எல்லாத் திட்டங்களும் பின்பற்ற வேண்டிய முறை இது என்பேன். ‘வேண்டாம்’ என்பதும் ஒரு பதில்தான். மௌனம்தான் ஆர்வலர்களை விரட்டுகிறது.

புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் உதவலாம். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளின் பழைய பக் புகார் ஒன்றை எடுங்கள். புதிய பதிப்பிலும் அந்தப் பிழை வருகிறதா, எதைச் செய்தால் வருகிறது என்று எழுதுங்கள். ஒரே பிழை இருமுறை பதிவாகியிருந்தால் சுட்டிக்காட்டுங்கள். இலவசமாக வாங்கிக்கொள்ளும் நாம் மாதம் ஒரு மணி நேரமாவது திருப்பித் தரலாமே!